யோகா ஹால் எடுக்கும் முன்: வாசகர் கேள்வி பதில்

சென்னையில் சின்ன அளவில் யோகா வகுப்பு நடத்துகிறவர்களும், தொடங்கலாமா என்று யோசிக்கிறவர்களும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். ஆசனத்தைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு, வாடகையைப் பற்றிக் கேட்டவர்கள்தான் அதிகம். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஐ.டி. வேலையை விட்டுவிட்டு யோகா ஸ்டுடியோ ஆரம்பிக்க ஆசை. முதல் மாடியில் 500 சதுர அடி ஹால் பார்த்திருக்கிறேன். வாடகை 35,000, அட்வான்ஸ் பத்து மாதம் கேட்கிறார்கள். தோழிகள் இருபது பேர் கண்டிப்பாகச் சேருவோம் என்கிறார்கள். எடுக்கலாமா அக்கா?
*வாசகி, வேளச்சேரி*

இப்போதைக்கு எடுக்காதீர்கள். உங்கள் ஆர்வத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஆனால் இருபது தோழிகளின் வாய்வார்த்தையை நம்பி மூன்றரை லட்சத்தைக் கொண்டுபோய் ஒருவர் கையில் கொடுத்துவிட்டு மறுநாள் வேலையையும் விடுவது உங்களுக்கு நல்லதில்லை.

முதலில் இடத்தைப் பாருங்கள். 500 சதுர அடியில் செருப்பு ஸ்டாண்டு, கழிப்பறை, சின்ன மேசை, பை வைக்கும் இடம் எல்லாம் போனால் 350 சதுர அடி மிஞ்சும். கைகளை விரித்துப் படுக்கவும் பக்கத்தில் இருப்பவர் மூக்கில் இடிக்காமல் திரும்பவும் ஒருவருக்கு 30 சதுர அடியாவது வேண்டும். ஆக ஒரு நேரத்தில் பன்னிரண்டு பேர், அதற்கு மேல் சேர்த்தால் நெரிசல். அடுத்து செலவு. வாடகை 35,000, கரண்டுக்கு 4,000, கூட்டித் துடைக்க 4,000, உங்களுக்கு முடியாத நாளில் வர ஒரு பகுதிநேர ஆசிரியருக்கு 12,000, தண்ணீர் கேன், போன், சின்னச் சின்ன ரிப்பேர் என்று 5,000. மொத்தம் 60,000. மாத ஃபீஸ் 1,500 என்று வையுங்கள். நாற்பது பேர் கட்டினால் செலவுக்குச் சரியாகப் போய்விடும், உங்கள் கைக்கு ஒரு ரூபாய் வராது. நீங்கள் மாதம் 30,000 எடுக்க வேண்டுமென்றால் அறுபது பேர் வேண்டும்.

பன்னிரண்டு பேர் ஹாலில் அறுபது பேரை எப்படி வைப்பது? சென்னையில் ஆள் வருகிற நேரம் நான்குதான்: காலை 6, காலை 7, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிச் சமையலும் முடிந்தபின் 10 மணி, மாலை 6. தினமும் வகுப்பு என்று வைத்தால் நாலு பேட்சும் நிரம்பி வழிந்தாலும் 48 பேர்தான், நீங்கள் எவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்தாலும் அந்த ஹால் உங்களுக்குச் சம்பளம் தராது. அதனால்தான் பல இடங்களில் திங்கள்-புதன்-வெள்ளி ஒரு பேட்ச், செவ்வாய்-வியாழன்-சனி இன்னொரு பேட்ச் என்று பிரிக்கிறார்கள். அப்படிச் செய்தால் 96 இடம் கிடைக்கும், அதில் அறுபது நிரம்ப வேண்டும், வருஷம் பன்னிரண்டு மாதமும்.

இந்தப் பன்னிரண்டு மாதம் என்பதுதான் கஷ்டம். ஜனவரியிலும், பள்ளி திறக்கும் ஜூனிலும் புதிதாகச் சேருவார்கள். மார்ச்சில் பிள்ளைகளுக்குப் பரீட்சை, மே மாதம் ஊருக்குப் போய்விடுவார்கள், தீபாவளிக்கு இரண்டு வாரம் காணாமல் போவார்கள், ஐப்பசி கார்த்திகை மழையில் காலை ஆறு மணிக்கு ஸ்கூட்டியை எடுக்க யாருக்கும் மனசு வராது. யார் மீதும் தப்பில்லை, வீடு அப்படித்தான் ஓடும். எனவே எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று எண்ணாதீர்கள், நான்காவது மாத ஃபீஸை எத்தனை பேர் கட்டினார்கள் என்று எண்ணுங்கள்.

வேலையை விடாமல் ஆறு மாதம் நடத்திப் பார்க்க வழி இருக்கிறது. பரதநாட்டிய வகுப்பு ஹால்கள் வாரநாட்களில் காலையில் பெரும்பாலும் சும்மாதான் கிடக்கும். பிளே ஸ்கூல் மதியத்துக்கு மேல் காலி. அபார்ட்மெண்ட் கம்யூனிட்டி ஹால்களை அங்கே குடியிருப்பவர்களுக்கான வகுப்பு என்றால் குறைந்த தொகைக்குத் தருவார்கள். மணிக்கணக்கில் வாடகை பேசுங்கள். இருபத்தைந்து முப்பது பேர் மூன்றாம், நான்காம் முறையாகக் கட்டும் நிலை வந்தபின் ஹால் தேடலாம்.

அட்வான்ஸ் விஷயத்தில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 2017-இல் இயற்றி 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது, ஆனால் இரண்டு பேரும் வேறு விதமாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் அதுவே செல்லும். அதனால் பத்து மாதம் கேட்பவர் கேட்டுக்கொண்டேதான் இருப்பார், நீங்கள் பேசிக் குறைக்கத் தயங்காதீர்கள். காலி செய்தால் எத்தனை நாளில் அட்வான்ஸ் திரும்பும், வருஷத்துக்கு எத்தனை சதவீதம் வாடகை ஏறும் என்ற இரண்டும் எழுத்தில் இருக்கட்டும். அப்புறம், வேளச்சேரி என்பதால் சொல்கிறேன், 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று எதிர்வீட்டுக்காரரிடம் கேளுங்கள். ஹால் முதல் மாடியில் இருந்தாலும் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றால் வகுப்பு கிடையாது.

சொந்த வீடு. மொட்டை மாடியில் ஷீட் போட்டு வகுப்பு நடத்துகிறேன். வாடகை இல்லாததால் நிம்மதி. வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?
*வாசகர், நங்கநல்லூர்*

வாடகை இல்லை என்பது பெரிய பலம், அதைச் செலவுக் கணக்கில் எழுதாமல் விட்டுவிடாதீர்கள். அந்த மாடியை வெளியே விட்டிருந்தால் என்ன வந்திருக்குமோ அதை உங்கள் வகுப்பு சம்பாதிக்கிறதா என்று வருஷத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

மின்வாரியத்தில் வீட்டு இணைப்பிலேயே வணிகம் நடத்துவது சிக்கல். சோதனைக்கு வந்தால் வணிகக் கட்டணத்தில் கணக்குப் போட்டுப் பழைய மாதங்களுக்கும் சேர்த்துக் கேட்பார்கள். மாடிக்குத் தனி மீட்டர் வாங்கி வணிக இணைப்பாக மாற்றிவிடுங்கள், யூனிட் விலை கூடினாலும் பயமில்லாமல் இருக்கலாம். மாநகராட்சியில் தொழில் உரிமம், அரையாண்டுக்கு ஒருமுறை தொழில் வரி, இவற்றையும் மண்டல அலுவலகத்தில் கேட்டு முடித்துவிடுங்கள். சிறு, குறு தொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவு ஆன்லைனில் இலவசம். அதற்கு ஆயிரம் இரண்டாயிரம் கேட்கும் ஏஜெண்டுகளுக்குக் கொடுக்காதீர்கள்.

ஆனால் வீட்டு வகுப்பை இழுத்து மூட வைப்பது பெரும்பாலும் இந்த ஆபீஸ்கள் எதுவும் இல்லை. பக்கத்து வீட்டு கேட்டை மறித்து நிற்கும் டூவீலரும், காலை ஐந்தரைக்கு மாடிப்படியில் கேட்கும் பேச்சுச் சத்தமும்தான். வண்டி எங்கே நிறுத்த வேண்டும், வாசலில் போட்டிருக்கும் கோலத்தை மிதிக்காமல் எப்படி ஏறிவர வேண்டும் என்பதை முதல் நாளே ஒவ்வொருவரிடமும் சொல்லுங்கள். அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் யாராவது வந்தால் பாதி ஃபீஸில் சேர்த்துக்கொள்ளுங்கள், அது வீண்போகாது. ஷீட் கூரை என்பதால் அக்னி நட்சத்திரத்தில் காலை ஏழு மணிக்கே தாங்காது. மே மாத வகுப்பை 5.30-க்கு மாற்றி, 10 மணி பேட்சைக் கீழே ஹாலுக்குக் கொண்டுவாருங்கள்.

எங்கள் பகுதியில் மனவளக்கலை மன்றத்தில் குறைந்த கட்டணத்தில் யோகா சொல்லித்தருகிறார்கள், பூங்காவில் இலவசமாகவே நடக்கிறது. "உங்களிடம் ஏன் 1,500 கட்ட வேண்டும்?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?
*வாசகி, கொளத்தூர்*

முதலில் அவர்களைப் போட்டியாக நினைப்பதை விடுங்கள். வேதாத்திரி மகரிஷி 1958-இல் சென்னையில் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார், அந்த வழியில் வந்த மனவளக்கலை மன்றங்கள் தமிழ்நாடு முழுக்க எத்தனையோ குடும்பங்களுக்கு உடற்பயிற்சியும் தியானமும் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கின்றன. தொண்டாக நடப்பதோடு விலையில் மோத முடியாது, மோதவும் கூடாது. அங்கே போய்ப் பழகியவர்கள்தான் பிற்பாடு "எனக்கு முதுகுவலி, தனியாகப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று உங்களைத் தேடி வருவார்கள்.

அந்த "தனியாகப் பார்த்து" என்பதுதான் உங்கள் இடம். இதற்கு நம் ஊரிலேயே பெரிய முன்மாதிரி இருக்கிறது. மைசூர் அரண்மனையின் ஆதரவில் யோகசாலை நடத்திய கிருஷ்ணமாச்சாரியார், 1950-களில் சென்னைக்கு வந்த பிறகு வயது, உடல்நிலை, வேலை எல்லாம் பார்த்து ஆளுக்கேற்றபடி ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லிக்கொடுத்தார். அவருடைய மகன் தேசிகாச்சார் படிப்பால் பொறியாளர், தந்தையிடம் கற்று 1976-இல் கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரத்தை இங்கே தொடங்கினார். தனி வகுப்பு என்பது பணக்காரர்களுக்கான ஆடம்பரம் என்று பலர் நினைக்கிறார்கள், சென்னையில் அது ஒரு பாடமுறையாகவே வளர்ந்தது.

இதில் பணக் கணக்கும் ஒத்துவருகிறது. மதியம் 11 முதல் 4 வரை ஹால் காலியாகத்தான் இருக்கிறது. வாரம் ஒரு தனி வகுப்பு, வீட்டில் செய்ய எழுதித்தரும் பயிற்சித் தாள், மாதம் ஒருமுறை அதை மாற்றிக்கொடுப்பது என்று வைத்து மாதம் 3,000 வாங்கினால், எட்டுப் பேர் வந்தாலே 24,000. அதே தொகைக்கு உங்கள் கூட்ட வகுப்பில் பதினாறு பேர் வேண்டும். ஃபீஸ் ஏன் இவ்வளவு என்று கேட்பவரிடம் வாக்குவாதம் வேண்டாம், ஒரு வகுப்புக்கு வந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒருவர் பெயரையும், அவருடைய எந்த முழங்காலில் வலி என்பதையும் ஞாபகம் வைத்திருக்கும் ஆசிரியரை விட்டு ஆட்கள் சுலபமாகப் போவதில்லை.

இரண்டு வருஷம் என்னிடம் வேலை பார்த்த ஆசிரியை பக்கத்துத் தெருவிலேயே தனியாகத் தொடங்கிவிட்டார். பதினான்கு பேர் அவருடன் போய்விட்டார்கள். வேலையை விட்டால் இரண்டு வருஷம் இந்தப் பகுதியில் வகுப்பு எடுக்கக் கூடாது என்று எழுதி வாங்கியிருந்தேன். வழக்குப் போடலாமா?
*வாசகர், அண்ணா நகர்*

வேண்டாம். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவில் செல்லாது என்கிறது. வேலையில் இருக்கும்போது வேறிடத்தில் எடுக்கக் கூடாது என்று கட்டுப்படுத்தலாம், வேலையை விட்டுப் போனவரை அந்தக் காகிதத்தை வைத்து நிறுத்துவது மிகக் கடினம். வக்கீலுக்குச் செலவாகும், பகை வளரும், போன பதினான்கு பேரும் திரும்ப மாட்டார்கள்.

உங்களுக்கு வலித்திருக்கும், அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் அவர் பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். ஒரு பேட்சில் பதினான்கு பேர், ஆளுக்கு 1,500 என்றால் மாதம் 21,000 வந்திருக்கும். அந்த ஆசிரியைக்கு அதில் எவ்வளவு போயிற்று? வகுப்புக்கு 300 ரூபாய், மாதம் பன்னிரண்டு வகுப்பு என்று கொடுத்தால் 3,600. இதைக் கணக்குப் போட அவருக்கும் தெரியும். அவர் பேட்சில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் வருகிறவர்களின் ஃபீஸில் பங்கு கொடுத்திருந்தால் பலர் தங்குவார்கள். அப்புறம், ஒரே பேட்சை ஒரே ஆசிரியர் இரண்டு வருஷம் எடுக்க விடாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், வாரம் ஒரு நாளாவது எல்லா பேட்சையும் நீங்களே எடுங்கள். ஆள் ஆசிரியரிடம்தான் ஒட்டிக்கொள்வார்கள், ஸ்டுடியோவின் பெயர்ப்பலகையிடம் யாரும் ஒட்டிக்கொள்வதில்லை.

200 மணி நேரப் பயிற்சிச் சான்றிதழ் வைத்திருக்கிறேன். சட்டப்படி இது போதுமா?
*வாசகி, பெரம்பூர்*

யோகா சொல்லிக்கொடுக்க மருத்துவர் வக்கீல் மாதிரிக் கட்டாய உரிமம் நம் நாட்டில் இல்லை. நீங்கள் வைத்திருப்பது யோகா அலையன்ஸ் முத்திரையுள்ளது என்றால், அது அமெரிக்காவில் இயங்கும் ஓர் அமைப்பு, அரசு அமைப்பு இல்லை. நம்மிடம் ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் யோகா சான்றிதழ் வாரியம் தேர்வு நடத்துகிறது. பள்ளிகளிலும் நிறுவனங்களிலும் வேலை கேட்கப் போனால் அது உதவும். முறையாகப் படிக்க நினைத்தால் மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் யோகா படிப்புகள் இருக்கின்றன. வகுப்புக்கு வருகிறவர்கள் சான்றிதழைக் கேட்பது அபூர்வம், ஆனால் 200 மணி நேரத்தில் வயதானவர்களின் உடம்பைப் பற்றிக் கற்றது போதாது என்று உங்களுக்கே தோன்றும். அனுபவமுள்ள ஒருவரிடம் உதவியாளராக ஒரு வருஷம் நில்லுங்கள்.

"சர்க்கரை நோய் குணமாகும்" என்று நோட்டீஸ் அடித்தால் கூட்டம் வரும் என்கிறார் என் மைத்துனர். போடலாமா?
*வாசகர், தாம்பரம்*

போடவே கூடாது. தவறான விளம்பரம் என்று 2019-ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாட்டுவீர்கள் என்பது ஒரு பக்கம். அதைவிட எனக்கு முக்கியம், அந்த நோட்டீஸை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்பது. யோகாவால் தூக்கம், மன அழுத்தம், உடல் அசைவு இவற்றில் நல்லது நடப்பதைத் தினமும் பார்க்கிறோம், அதை மட்டும் சொன்னாலே போதும். மருந்தை மாற்றுவது அவருடைய டாக்டர் வேலை.

நோட்டீஸுக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு சேர்க்கைப் படிவம் அச்சடியுங்கள். ரத்தக் கொதிப்பு, கண்ணில் கிளாக்கோமா, டிஸ்க் பிரச்சினை, ஹெர்னியா, சமீபத்திய அறுவை சிகிச்சை, கர்ப்பம், சாப்பிடும் மருந்துகள், அவசரத்துக்கு வீட்டு நம்பர். கிளாக்கோமா உள்ளவரைத் தலைகீழாக நிற்க வைத்தால் கண் அழுத்தம் ஏறும். கட்டுக்குள் வராத ரத்தக் கொதிப்பு உள்ளவருக்கும் கர்ப்பிணிக்கும் மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி கூடாது. டிஸ்க் பிதுங்கியவரைக் குனிந்து காலைத் தொடச் சொல்லக் கூடாது. இன்சுலின் போட்டுக்கொள்பவர் காலையில் வெறும் வயிற்றில் வந்து வேகமாகச் சூரிய நமஸ்காரம் செய்தால் சர்க்கரை இறங்கி மயங்கலாம், ஹாலில் எப்போதும் ஒரு குளுக்கோஸ் பாக்கெட் இருக்கட்டும். படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் நம் பொறுப்பு முடிந்தது என்று நினைக்காதீர்கள். கவனக்குறைவால் அடிபட்டால் அந்தக் கையெழுத்து காப்பாற்றாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை படிவத்தைத் திரும்பப் பார்த்து, "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டு எழுதுங்கள்.

மேட் நாமே வாங்கி வைக்க வேண்டுமா? கோரைப்பாய் போதாதா?
*வாசகி, மயிலாப்பூர்*

அவரவர் மேட்டை அவரவரே கொண்டுவரட்டும், சுத்தத்துக்கும் அதுதான் நல்லது. புதிதாக வருகிறவர்களுக்கு நாலைந்து வைத்திருங்கள். பத்தமடைக் கோரைப்பாய் எனக்கு ரொம்பப் பிடிக்கும், யோகா குரு சுவாமி சிவானந்தர் பிறந்த ஊரும் அதுதான். உட்கார்ந்து பிராணாயாமம் செய்ய அருமை, ஆனால் டைல்ஸ் தரையில் நின்றுசெய்யும் ஆசனத்துக்கு வழுக்கும். கடைசியில் மல்லாந்து படுத்து ஓய்வெடுக்கும் சவாசனத்துக்கு மேட்டின் மேல் ஒரு பவானி ஜமுக்காளம் விரித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு கம்பெனியில் வாரம் இரண்டு நாள் வகுப்பு எடுக்கக் கூப்பிடுகிறார்கள். ஜி.எஸ்.டி. எண் கேட்கிறார்கள். பணமும் தாமதமாக வரும் என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?
*வாசகர், துரைப்பாக்கம்*

ஒப்புக்கொள்ளுங்கள். வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை சேவைத் தொழிலுக்கு ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. மாதத்துக்கு 1,66,000-க்கு மேல் தொடர்ந்து வந்தால்தான் அந்த எல்லை. இதைக் கம்பெனியின் கணக்குப் பிரிவில் எடுத்துச் சொன்னால் பல இடங்களில் ஏற்றுக்கொள்வார்கள். பதிவு செய்யத்தான் வேண்டும் என்ற நிலை வந்தாலும் முன்பைப் போல் 18 சதவீதம் இல்லை, 2025 செப்டம்பர் 22 முதல் யோகா மையங்களுக்கு 5 சதவீதம். ஆனால் வாடகைக்கும் பொருளுக்கும் நீங்கள் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது.

பணம் தாமதமாவதற்குத்தான் உத்யம் பதிவு கைகொடுக்கும். பதிவுள்ள குறுந்தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் வட்டியும் சேரும், கம்பெனிக்கு வருமான வரியில் அந்தச் செலவைக் காட்டுவதிலும் சிக்கல் வரும். பில்லில் உத்யம் எண்ணைப் போடுங்கள். போய்வரும் நேரத்தையும் ஃபீஸில் சேருங்கள், மாலை ஆறு மணிக்கு ஓ.எம்.ஆரில் சிக்கினால் உங்கள் சொந்த பேட்ச் போய்விடும்.

மூன்று வருஷமாக நடத்துகிறேன். முப்பது பேருக்கு மேல் ஏறவில்லை. நகையை வைத்து வாடகை கட்டினேன். மூடிவிடலாமா?
*வாசகி, மடிப்பாக்கம்*

ஹாலை விட்டுவிடுங்கள், வகுப்பை விடாதீர்கள். மூன்று வருஷமாக முப்பது பேர் வருகிறார்கள் என்றால் நீங்கள் நல்ல ஆசிரியை, அந்த முப்பது பேரால் சுமக்க முடியாதது அந்த வாடகையைத்தான். இன்னொரு நகையை வைக்காதீர்கள். ஒப்பந்தத்தில் எத்தனை மாத முன்னறிவிப்பு என்று பார்த்து இந்த வாரமே ஹவுஸ் ஓனருக்கு எழுத்தில் கொடுங்கள், அட்வான்ஸில் பெயிண்ட் செலவு எவ்வளவு பிடிப்பார் என்பதையும் இப்போதே பேசி எழுதிக்கொள்ளுங்கள். அதே நாள் மாணவர்களிடமும் சொல்லிவிடுங்கள், அடுத்தவர் வாயிலிருந்து அவர்களுக்குத் தெரியக் கூடாது. மூன்று மாதம், ஆறு மாதம் என்று முன்கூட்டிக் கட்டியவர்களின் மீதிப் பணத்தைத் தனியாக எடுத்துவைத்து முதலில் அதைத் திருப்பிக்கொடுங்கள். பக்கத்தில் ஒரு கம்யூனிட்டி ஹாலில் காலை இரண்டு மணி நேரம் பேசி, திங்கட்கிழமை முதல் வகுப்பு அங்கே என்று வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்கள். முப்பதில் இருபது பேர் வந்தாலும் ஆளுக்கு 1,500 வீதம் 30,000, அந்த ஹாலுக்கு எட்டாயிரம் போனாலும் 22,000 உங்கள் கையில் நிற்கும். முதலில் நகையை மீட்டுக்கொள்ளுங்கள்.